கல்லுக்கும் விலாசம் வேண்டும்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "ஒரு கல் எடுத்துக்கிட்டு வாடா" என்று அனுப்பினால் அவன் எங்கே போவான்? நேராக ரயில்வே லைனுக்குத்தான் போவான். பாபநாசம், நீடாமங்கலம், மன்னார்குடி, எங்கே மண்வெட்டியை இறக்கினாலும் வண்டல், களிமண், அதற்குக் கீழே மணல். ஓராள் ஆழம் வெட்டினாலும் பாறை தட்டாது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் கருங்கல் ஜல்லிதான் டெல்டாப் பிள்ளைகள் பலர் பார்க்கும் முதல் பாறை. அதுவும் வேறு மாவட்டத்திலிருந்து லோடு ஏறி வந்தது. வீட்டு அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி எல்லாமே அப்படித்தான். வெளியூர்ச் சரக்கு.

இப்படிப்பட்ட ஊரில் கனிமங்களுக்கு ஒரு காட்சிக்கூடம் வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். சேலத்தில் வையுங்கள், திருச்சியில் வையுங்கள், நெல் விளைகிற பூமியில் கல்லுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல் இல்லாத ஊருக்குத்தான் கல் காட்சிக்கூடம் அதிகம் தேவை. தஞ்சாவூருக்கு அதில் ஆயிரம் வருஷத்துப் பாத்தியதையும் உண்டு.

பெரிய கோயிலை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பாறையே இல்லாத ஊரில் இத்தனை கருங்கல்லைக் கொண்டுவந்து 1010-ல் கட்டி முடித்தார்கள் என்று வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் கீழே, அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் கொடுத்த நகைகளின் பட்டியல் அங்கே இருக்கிறது. 'இத்தனை நகை கொடுத்தோம்' என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு நகையிலும் எத்தனை மாணிக்கம், எத்தனை வயிரம், எத்தனை முத்து, எடை எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி என்று இருக்கிறது. முத்தில் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று ரகம் பிரித்திருக்கிறார்கள். சிவந்த நீர், குளிர்ந்த நீர் என்று முத்தின் ஒளியைக்கூடக் குறித்திருக்கிறார்கள். பொன்னை நிறுக்க ஒரு எடைக்கல், அதற்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளை நிறுக்க இன்னொன்று, அது தட்சிணமேருவிடங்கன். எடைக்கல்லுக்கே சாமி பெயர்!

இதைவிடப் பெரிய விஷயம், குற்றம் உள்ள கற்களையும் குற்றத்தோடு எழுதியிருப்பது. குழி விழுந்தது, புள்ளி உள்ளது, தாய்க்கல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. தானம் கொடுப்பது ராஜா. கணக்குப்பிள்ளை நினைத்திருந்தால் 'உயர்ந்த மாணிக்கம்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எழுதவில்லை. இன்றைய ஆடிட்டர்கள் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் இருக்கிறது என்பது வேறு கட்டுரை :-)

அருங்காட்சியகங்களில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், அது என்ன, யார் கொடுத்தது, எப்போது, எந்த நிலையில் என்று பதிவார்கள். பெரிய கோயில் கல்வெட்டு கிட்டத்தட்ட அப்படி ஒரு பதிவேடுதான். ஒரே ஒரு கலம் மட்டும் அதில் காலி. எந்த மண்ணிலிருந்து தோண்டிய மாணிக்கம் அது? கோயிலுக்கு அந்தத் தகவல் தேவைப்படவில்லை. அருங்காட்சியகத்துக்கோ அதுதான் உயிர்.

பளபளக்கிற கல்லை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். அது எந்த ஊரில், எந்தப் பாறையில், எவ்வளவு ஆழத்தில், யாரால், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்ற சீட்டு கூடவே இருந்தால்தான் அது மாதிரி. சீட்டு தொலைந்தால் அது வெறும் கல். விலாசம் தெரியாத கடிதம் மாதிரி, உள்ளே என்ன எழுதியிருந்தாலும் போய்ச் சேராது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கே இதில் ஒரு சூடு பட்டிருக்கிறது. ஆர்தர் கிங்ஸ்பரி என்று ஒரு பெரிய சேகரிப்பாளர், 1968-ல் இறந்துபோனார். பிரிட்டனில் யாருமே கண்டிராத இடங்களில் அபூர்வக் கனிமங்களைக் கண்டுபிடித்தவர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய சேகரிப்பு அந்த அருங்காட்சியகத்துக்குப் போனது. பிற்பாடு ஆராய்ந்து பார்த்தால், பல கற்களுக்கு அவர் எழுதிவைத்த ஊர்ப் பெயர் பொய். கல் அசல், சீட்டு போலி! வேறெங்கோ கிடைத்ததை இங்கே கிடைத்ததாக எழுதியிருக்கிறார். ஒரு சீட்டு பொய் என்று தெரிந்த பிறகு மற்ற சீட்டுகளை எப்படி நம்புவது? உண்மையாகவே அவர் கண்டெடுத்தவையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டன.

சரி, லண்டனுக்கு நம் பக்கத்திலிருந்து போன கல் ஒன்று உண்டு. அதன் கதை இதற்கு நேர்மாறானது.

சாணைக்கல் எதனால் செய்வது என்று பழைய ஆசாரிகளைக் கேட்டால் குருந்தக்கல் பொடியும் அரக்கும் என்பார்கள். வயிரத்துக்கு அடுத்தபடியான கடினம் குருந்தத்துக்குத்தான். வயிரம் 10 என்றால் இது 9. மாணிக்கமும் நீலமும்கூட இதே கனிமம்தான், நிறம் மட்டும் வேறு. ஆங்கிலத்தில் இதற்குக் 'கொரண்டம்' என்று பெயர். அது தமிழ்க் குருந்தம்தான், கப்பலேறிப் போய்க் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இந்தக் கல்லைப் பற்றி இங்கிலாந்தில் முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஜான் உட்வர்ட். 1728-ல் இறந்துபோன மருத்துவர். சென்னைக் கோட்டையிலிருந்த புல்க்லி என்ற மருத்துவர் அனுப்பிய கற்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒரு வகைக் குருந்தத்தைப் பற்றி வருகிற குறிப்பு டெல்டாக்காரர்களுக்குப் பிடிக்கும். அது நெல் வயல்களில் கிடைக்கும், வயல் எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளும், இரும்பைத் துலக்கப் பயன்படும் என்கிறார். உலகத்துக் கனிமச் சேகரிப்பாளர்கள் வரிசையில் வயல் எலிக்கும் ஒரு இடம் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. உட்வர்ட் தன் கற்களை வைத்திருந்த மர அலமாரிகள் இன்றைக்கும் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன, கற்களோடும் பட்டியலோடும்.

அடுத்து வந்தவர் சார்ல்ஸ் கிரெவில். 1798-ல் ராயல் சொசைட்டியின் இதழில் குருந்தத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கல்லை வாங்கி அலமாரியில் வைத்ததோடு அவர் நிற்கவில்லை. எங்கே கிடைக்கிறது என்று சென்னைக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். கம்பெனி அதிகாரி ஒருவர் திருச்சிக்கு மேற்கே, காவிரியை ஒட்டிய மேட்டுப் பக்கத்துக்கே போய், தோண்டுகிற இடத்தைப் பார்த்து எழுதி அனுப்பினார். கல் தனியாக இல்லாமல், அது பதிந்திருந்த தாய்ப்பாறையோடும் போனது. அதனால் என்ன லாபம்? 1802-ல் பூர்னோன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தத் தாய்ப்பாறையை உடைத்து ஆராய்ந்தபோது, அதில் இதுவரை பெயர் வைக்காத கனிமங்கள் இருக்கக் கண்டார். ஒன்றுக்கு 'இந்தியனைட்' என்றே பெயர் வைத்தார். (பிற்காலத்தில் அது அனார்தைட் என்ற கனிமம்தான் என்று தெரிந்து பெயர் போய்விட்டது, அது வேறு கதை.) குருந்தத்தை மட்டும் கழுவித் துடைத்து அனுப்பியிருந்தால் இதெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

கிரெவில் 1809-ல் இறந்தார். 1810-ல் பிரிட்டிஷ் அரசு அவருடைய சேகரிப்பை 13,727 பவுண்டுக்கு வாங்கி பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கிற தொகை. சாணை பிடிக்கிற கல்லுக்கு அவ்வளவு விலையா என்று கேட்கலாம். கல்லோடு சேர்ந்து அதைப் பற்றித் தெரிந்ததும் போனது. சந்தையில் குருந்தம் என்ன விலை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணக்குப் பாடத்தில் நற்பெயருக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சொத்துப் பக்கம் எழுதுவார்களே, அந்த மாதிரி.

நம் மாநிலத்துக்கும் இந்த விஷயம் புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது வெண்கலச் சிலைகள், அவற்றில் பல தஞ்சை மண்ணில் கிடைத்தவை. ஆனால் 1851-ல் அந்த அருங்காட்சியகம் பிறந்தபோது உள்ளே இருந்தவை சிலைகள் அல்ல, 1,100 பாறை, கனிம மாதிரிகள். சென்னை இலக்கியக் கழகம் கொடுத்தவை. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அவற்றைப் பொறுப்பேற்று, கல்லூரிச் சாலைக் கட்டடத்தின் மாடியில் வைத்துத் தொடங்கினார். 1854-ல்தான் எழும்பூருக்குக் குடிபோனது. தென்னிந்தியாவின் மிகப் பெரிய அருங்காட்சியகத்துக்குக் கடைக்கால் போட்டது கற்கள்தான். இப்போது அங்கே போகிற கூட்டம் கல் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

இவ்வளவு சொன்னதும் தஞ்சாவூரில் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வல்லம் இருக்கிறது.

தஞ்சையிலிருந்து திருச்சி சாலையில் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நிலம் மெல்ல மேடேறும். வயல் முடிந்து செம்மண் தொடங்கும். காவிரி வண்டலைவிட மிகப் பழைய மண் அது. அந்தச் செம்மண்ணிலும் சரளையிலும் படிகக்கல் கிடைக்கும். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் 'வல்லத்து வைரம்' என்ற பெயரும் அடிபடுகிறது. வைரமெல்லாம் இல்லை, குவார்ட்ஸ்தான். ஆனால் நல்ல தெளிவான குவார்ட்ஸ். அதை அறுத்து, சாணையில் தேய்த்து, மெருகேற்றி மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்தார்கள். தஞ்சாவூர்க் கண்ணாடி என்று அதற்கு ஊர் தாண்டியும் பெயர் இருந்தது. வல்லத்துப் படிகத்தின் கடினம் 7, குருந்தம் 9. கடினம் குறைந்த கல்லைக் கடினம் மிகுந்த கல் தேய்க்க, நடுவில் ஒரு கைவினைஞர் உட்கார்ந்திருக்க, எதிரே கண் மங்கிய ஒரு பெரியவர் காத்திருக்க...

அந்தக் கண்ணாடியில் கீறல் எளிதில் விழாது, ஏனென்றால் சாதாரணக் கண்ணாடியைவிடக் குவார்ட்ஸ் கடினம். தொட்டால் ஜில்லென்று இருக்கும், ஏனென்றால் குவார்ட்ஸ் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும். இந்த ஜில்லிப்பை வைத்துத்தான் 'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்ற விளம்பரமெல்லாம். அதில் மருத்துவ அதிசயம் ஒன்றும் இல்லை. புற ஊதாக் கதிரைக்கூடக் குவார்ட்ஸ் தடுக்காது, உள்ளே விட்டுவிடும். ஆகவே எல்லோரும் பிளாஸ்டிக் வில்லையைக் கழற்றிவிட்டுப் படிகத்துக்கு மாறுங்கள் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். தொழில் மங்கியதற்குக் காரணம் யாருடைய சதியும் அல்ல, மலிவாக, லேசாக, உடையாத வில்லை வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் தொழிலோடு சேர்ந்து மங்குவது வேறொன்று. எந்த மேட்டில் தெளிவான படிகம் கிடைக்கும், எந்தப் பள்ளத்தில் புகை படிந்தது கிடைக்கும், எவ்வளவு ஆழம், சரளையிலா களியிலா என்கிற அறிவு. இந்த மாதிரி விஷயம் தோண்டியவர், வாங்கியவர், அறுத்தவர் தலையில்தான் இருக்கும். சுற்றிலும் செம்மண் மேடுகள் மனைக்கட்டுகளாகிக்கொண்டிருக்கின்றன. காங்கிரீட் போட்ட பிறகு எந்த இடத்தில் போய்த் தேடுவது? தஞ்சாவூர் வருகிற சுற்றுலாப் பயணி தலையாட்டி பொம்மை வாங்குகிறார், ஓவியம் வாங்குகிறார், கலைத்தட்டு வாங்குகிறார். பக்கத்திலேயே விளைந்த கல்லைப் பற்றி அவரிடம் யாரும் மூச்சு விடுவதில்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதுதான் முக்கியமானது, கொஞ்சம் சூடானதும்கூட.

டெல்டாவில் 'கனிமம்' என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்கு வயிறு கலங்கும். 2010-ல் மீத்தேன் ஒப்பந்தம். 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, அப்பாடா என்றிருந்தார்கள். 2023 மார்ச் கடைசியில் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி, கூடவே மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி என்று மூன்று பெயர்கள். எதிர்ப்புக் கிளம்பி, ஏப்ரலில் மூன்றும் நீக்கப்பட்டன. நல்லது. ஆனால் தன் வயலுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்பதை வடசேரிக்காரர் எத்தனை பேர் ஏலச் செய்தி வந்த பிறகு தெரிந்துகொண்டிருப்பார்கள்? மன்னார்குடிப் பக்கம் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது பல பத்தாண்டுகளாக அரசுக் கோப்பில் இருக்கிற சங்கதி. துளை போட்டார்கள், மாதிரி எடுத்தார்கள், வரைபடம் போட்டார்கள். அந்தத் துளையிலிருந்து வந்த ஒரு துண்டைக் காட்டி, 'இதுதான் உங்க வயலுக்கு அடியில, இத்தனை மீட்டர் ஆழத்துல இருக்கு, மேல இருக்கிற மணல்லதான் உங்க போர் தண்ணி ஓடுது' என்று ஊராருக்கு யார் சொன்னார்கள்?

கனிமத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்டினால் சுரங்கக்காரனை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகாதா என்று ஒரு பயம் எழலாம். நியாயம்தான். ஆனால் சுரங்கக்காரனுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். தெரியாதது மேலே உழுகிறவருக்குத்தான். எதிராளியின் கையில் பத்திரம், இவர் கையில் வெறும் கோபம் என்றால் வழக்கு எப்படி நடக்கும்? கோபம் ஒரு தடவை ஜெயிக்கும், இரண்டு தடவை ஜெயிக்கும். நிலத்தடியைத் தெரிந்துகொண்டு எதிர்ப்பவரின் பேச்சுக்கு இருக்கும் கனம் வேறு.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூரைப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் புதைபடிவங்களை 1860-களில் இருந்தே ஸ்டோலிச்கா போன்றவர்கள் ஆராய்ந்து தடித்தடியான புத்தகங்களாக வெளியிட்டார்கள். உலகத்து நிலவியல்காரர்களுக்கு அரியலூர் என்ற பெயர் அத்துப்படி. அரியலூர்ப் பிள்ளைகளுக்கு? சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்தில் நத்தை மாதிரி ஒன்று கிடைக்கும், பொறுக்கி விளையாடுவார்கள். வாரணவாசியில் ஒரு அருங்காட்சியகம் வருவதற்குள் நூற்றைம்பது வருஷம் ஓடிவிட்டது. வந்ததே, அதுவரை சந்தோஷம்.

தஞ்சையில் ஒன்று அமைத்தால் அது பெரிய மாளிகையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கூடம் போதும். ஆனால் வழக்கமாகச் செய்வது போல 'குவார்ட்ஸ்', 'மைக்கா' என்று பெயரை மட்டும் அட்டையில் எழுதி, பஞ்சில் வரிசையாகக் கல்லை உட்கார வைத்தால் பிரயோஜனம் இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்து அலமாரிகளில் அப்படி எத்தனையோ பெட்டிகள் இருக்கின்றன, யாரும் திறப்பதில்லை. எண்ணைக் கல்லின் மீதே, கண்ணில் படாத ஒரு மூலையில், வெள்ளைப் பூச்சின் மேல் மையால் எழுத வேண்டும். காகிதச் சீட்டை மட்டும் நம்பினால் ஒரு தடவை ஒட்டடை அடிப்பதற்குள் நாலு சீட்டு இடம் மாறிவிடும். டெல்டாவின் ஈரக் காற்றுக்குச் சில கனிமங்கள் தாங்காது. பைரைட் மெல்ல உதிர்ந்து பொடியாகும், பக்கத்துச் சீட்டையும் அரிக்கும். பழுப்பு நிலக்கரியோ ஈரம் காய்ந்தால் வெடித்துச் சில்லுச் சில்லாகும். ஒன்றுக்கு ஈரம் ஆகாது, மற்றொன்றுக்கு வறட்சி ஆகாது. மாமியார் மருமகள் மாதிரி தனித்தனிப் பேழையில்தான் குடிவைக்க வேண்டும்.

முதல் தட்டில் வெறும் மணல் வைக்கலாம். காவிரி எண்ணூறு கிலோமீட்டர் சுமந்து வந்த மணல். ஒரு கை மணலும் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு காந்தமும் கொடுத்தால் போதும், கர்நாடகத்திலும் சேலத்திலும் உள்ள பாறைகள் எல்லாம் அதில் இருக்கும். வெள்ளையாகக் குவார்ட்ஸ், சிவப்பாகக் கார்னெட், காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும் கருப்புத் தூள். தரங்கம்பாடிக் கடற்கரையில் அலை பிரித்து வைத்த சிவப்பு, கருப்பு வரிகளையும் அதன் பக்கத்தில் காட்டலாம். லாரி லாரியாகப் போன மணலில் என்ன இருந்தது என்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடியிலாவது தெரியட்டும்.

அடுத்த பேழை வல்லத்துக்கு. கடையில் வாங்கிய பளபளப்பான படிகம் வேண்டாம். செம்மண் ஒட்டிய, சரளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்று வேண்டும். பெரிய கோயில் கணக்குப்பிள்ளை எழுதினாரே, தாய்க்கல் ஒட்டியது என்று, அந்த மாதிரி. பக்கத்தில் பாதி அறுத்த படிகம், சாணை, ஒரு ஜோடி வில்லை. கீழே சீட்டில் தோண்டிய சர்வே எண், ஆழம், தேதி, எடுத்துக் கொடுத்தவர் பெயர். குற்றம் இருந்தால் அதுவும். இதற்கு ஆகிற செலவு ஒரு கோயில் திருவிழா பிளக்ஸ் போர்டுச் செலவைத் தாண்டாது. தேவைப்படுவது கையில் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வல்லத்துக்குப் பஸ் ஏறுகிற நாலு பேர், அந்த இடங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே.